மாயாவி என்ன குற்றம் செய்தான்?

படிப்பகத்தின் அலமாரி திறந்து கிடந்தது. மேல்தட்டிலே பெரியார்; அதற்கடுத்து அண்ணா; அதன் கீழே பாரதிதாசன், இங்கர்சால், கோவூர். அடித்தட்டிலே, அட்டை கிழிந்து, முதுகு நைந்து, மூலை சுருண்டு, இரும்புக்கை மாயாவி!

"இவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று சீறினார் தோழர் ஒருவர். சீறியதோடு நிற்கவில்லை, தீர்மானமும் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார். மந்திரமும் மாயமும், பேயும் பிசாசும், பறக்கும் கம்பளமும் பேசும் கிளியும் நிறைந்த மாயாஜாலக் கதைகளும் காமிக்ஸ் இதழ்களும் இளைஞர் உள்ளத்திலே மூடநம்பிக்கையை வளர்க்கின்றன. ஆதலால் அவற்றைப் படிப்பகத்திலிருந்து அகற்றுவதோடு, கடைத்தெருவிலே கொளுத்தவும் வேண்டும். இதுதான் தீர்மானம். கைகள் பல உயர்ந்தன. நம் கை உயரவில்லை. "வாத்தியாருக்குக் காமிக்ஸ் பித்து!" என்றொரு குரல்; தொடர்ந்து சிரிப்பு. ஒரு வாரம் தவணை கேட்டோம், கொடுத்தனர். அந்தத் தவணைக்குள் எழுதுவது இது.

தோழரின் சினத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. சென்ற ஆண்டு அவர் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய மூன்று நாட்களை மந்திரிப்பவனின் வேப்பிலையும் தாயத்தும் தின்று தீர்த்தன. நான்காம் நாள் தோழரே தங்கையைத் தோளிலே சுமந்துகொண்டு பேருந்து ஏறினார். பிழைத்தாள், ஆனால் அந்த மூன்று நாட்களை அவர் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. மாயம் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கை தீக்குச்சியைத் தேடுகிறதென்றால், அதற்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் தோழரை ஒன்று கேட்கிறோம். அந்த மந்திரிப்பவன், காமிக்ஸ் படித்தா தொழில் கற்றான்? தாயத்தை நம்பிய பெரியவர்கள் மாயாவியைப் படித்தா நம்பினார்கள்? அவர்களில் ஒருவருக்கும் மாயாவி யாரென்றே தெரியாதே! குற்றவாளி ஒருவன், கூண்டிலே நிறுத்தப்படுபவன் வேறொருவன். இதையா பகுத்தறிவின் பெயரால் செய்வது?

கீழ்பென்னாத்தூரில் நின்று மேற்கே நோக்கினால் அண்ணாமலை தெரிகிறது. அந்த மலைக்கு ஒரு கதை உண்டு. அடியும் முடியும் காணவொண்ணாத நெருப்புத் தூணாம். ஒருவர் பன்றியாகித் தோண்டினாராம். மற்றவர் அன்னமாகிப் பறந்தாராம். வழியிலே கண்ட தாழம்பூ பொய்ச்சாட்சி சொல்லிற்றாம். பொய் சொன்னவருக்குக் கோயில் இல்லை என்று தண்டனையாம். பூ சாட்சி சொல்கிறது, பன்றி பாதாளம் போகிறது! எந்த மாயாஜாலக் கதைக்கு இது இளைத்தது? கதையாகச் சொல்லுங்கள், நாமும் கன்னத்தில் கைவைத்துக் கேட்போம். பொய்ச்சாட்சி சொன்னவருக்குத் தண்டனை என்ற இடத்தில் கைகூடத் தட்டுவோம்.

ஆனால், "கதை" என்று சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை வீதியிலே நடந்து பாருங்கள்! கார்த்திகையிலே உச்சியில் எரிவது நெய்யும் திரியும். கொப்பரையை மலைமேல் ஏற்றியது மனிதத் தோள். வழுக்குப் பாறையிலே மூச்சு வாங்கியவன் உழைப்பாளி. இதைச் சொல்லிப் பாருங்கள்! சோதி தெரிந்த நொடியிலே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டம், சுமந்தவனை நினைக்கிறதா?

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மாயாவி, "நான் கதை" என்று அட்டையிலேயே சொல்லிக்கொண்டு வருகிறான். புராணமோ, "நான் உண்மை, ஐயுற்றால் நரகம்" என்கிறது. மாயாவிக்குக் கோயில் உண்டா? உண்டியல் உண்டா? மாயாவியின் பெயரால் எவனாவது எவனையாவது எட்டி நில் என்றதுண்டா? இரும்புக்கைக்குத் தேர் இழுத்து, அந்தத் தேர் இந்தத் தெருவுக்குள் வராது என்று தடுத்ததுண்டா?

மாயாவியின் வரலாற்றைத்தான் சற்றுப் பார்ப்போமே. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் கிழமை இதழில் பிறந்தவன். தமிழ்நாட்டிலே, நாட்காட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற சிவகாசியிலிருந்து, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவன். லூயி கிராண்டேல் என்பது அவன் இயற்பெயர். ஆய்வுக்கூட விபத்திலே ஒரு கையை இழந்தான். எஃகுக் கை பூண்டான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். கவனியுங்கள்: தவம் செய்து பெற்ற வரம் அன்று, முனிவர் தந்த சாபம் அன்று, முற்பிறவிப் பயனும் அன்று. விபத்து, மின்சாரம், எஃகு! தொடக்கத்திலே அந்த வலிமையைத் தீமைக்குப் பயன்படுத்தித் தடுமாறினான், பிறகு திருந்தினான். அவதாரம் தவறு செய்வதில்லை. செய்தாலும் அதற்குப் பெயர் லீலை. மாயாவி தவறு செய்தால் அது தவறு!

இவனைப் பற்றி நமக்கு ஒரு நினைவு உண்டு. நாம் பயிற்சிக்காகச் சென்றிருந்த ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பிலே ஒரு மாணவன். பாடநூலைப் படி என்றால் எழுத்துக்கூட்டித் திணறுவான், வகுப்பே சிரிக்கும். ஒருநாள் மேசைக்கடியிலே அவன் உதடுகள் அசைந்தன. எட்டிப் பார்த்தோம். பழைய புத்தகக் கடையிலே வாங்கிய மாயாவி! தங்குதடையின்றிப் படித்துக்கொண்டிருந்தான். தமிழ்தான், அதே இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள்தான்! நம்மைக் கண்டதும் வெலவெலத்தான். "அடிக்க மாட்டோம், ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றோம். தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"ஐயா, உடம்பெல்லாம் மறைஞ்சிட்டா, கண்ணும் மறைஞ்சிடுமே. அப்புறம் அவனுக்கு எப்படிங்கய்யா கண்ணு தெரியும்?"

தோழர்களே, அது எப்பேர்ப்பட்ட கேள்வி! ஒளி விழித்திரையிலே விழுந்து அங்கே ஏற்கப்பட்டால்தான் பார்வை. ஒளி முழுவதும் ஊடுருவிச் செல்லும் உடலுக்கு விழித்திரை இருந்தும் பயனில்லை. முழுதும் மறைந்த மனிதன் முழுக் குருடன்! 1897-இல் எச்.ஜி. வெல்ஸ் 'மறைந்த மனிதன்' கதையை எழுதிய நாளிலிருந்து அறிவியல் அறிந்தோர் எழுப்பிவரும் ஐயம் அது. எழுத்துக்கூட்டத் தெரியாதவன் என்று சிரிக்கப்பட்ட சிறுவன், தானே எழுப்பினான். அன்று கரும்பலகையிலே கண்ணின் படம் வரைந்து அரைமணி நேரம் பாடம் நடத்தினோம். சிரித்த வகுப்பு சிரிக்கவில்லை.

மறுவாரம் வேறோர் ஆசிரியர் அந்த இதழைப் பறித்து நான்காகக் கிழித்தார். "மூளையைக் கெடுக்கும் குப்பை" என்றார். அவரே அன்று மாலை, தேர்வு நெருங்குகிறதென்று மாணவர்களின் எழுதுகோல்களையெல்லாம் திரட்டிச் சாமி காலடியிலே வைத்துப் பூசை செய்து திருப்பிக் கொடுத்தார். மூளை அப்போது கெடவில்லை போலும்!

அந்தச் சிறுவன் மாயாவியைக் கேள்வி கேட்டான். எழுதுகோல் பூசையைக் கேட்கவில்லை. ஏன்? மாயாவியைக் கேட்டால் பாவம் இல்லை, பிரம்படி இல்லை, கண் அவிந்து போகாது. அச்சமின்றிக் கேள்வி கேட்கப் பழகும் களம் வேண்டுமென்றால், அது அச்சமூட்டாத கற்பனையிலே கிடைக்கும். அந்தக் களத்தையா கொளுத்தச் சொல்கிறீர்கள்?

"கற்பனையே நமக்கு ஆகாது, நடப்பை எழுதுவதே நம் மரபு" என்கிறார் மற்றொரு தோழர். எந்த மரபு? பாரதிதாசன் 1930-இலே வெளியிட்ட 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்ன கதை? குப்பனும் வஞ்சியும் மலைமேல் ஏறுகின்றனர், மூலிகை தேடி. ஒரு மூலிகையைத் தின்றால் உலகத்தார் பேசுவது காதிலே விழும். மற்றொன்றைத் தின்றால் உலகக் காட்சிகள் கண்ணிலே தெரியும். மந்திர மூலிகை! மாயாஜாலக் கதையேதான்! அந்த மூலிகையின் வழியாகவே பாகவதர் ஒருவரின் இராமாயணக் கதை குப்பனின் காதில் விழுகிறது. அனுமன் மலையைத் தூக்குகிறான் என்றதும், தான் நிற்கும் மலையே ஆடுவதாக எண்ணி நடுங்குகிறான். மலை ஆடவில்லை, உன் மதிதான் ஆடுகிறது என்று அவனைத் தேற்றித் திருத்துகிறாள் வஞ்சி. பெண்! மூடநம்பிக்கையை வெட்ட மூலிகைக் கற்பனையை வாளாக்கினார் புரட்சிக் கவிஞர். தீர்மானத்தின் எழுத்துப்படி பார்த்தால், அலமாரியின் நடுத்தட்டிலே இருக்கும் அந்த நூலும் நெருப்புக்குத்தான் போக வேண்டும்.

பெரியாரையே எடுத்துக்கொள்வோம். 'இனி வரும் உலகம்' என்பதிலே அவர் என்ன செய்தார்? ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்திக் கருவி சட்டைப் பையிலே இருக்கும் என்றார். ஆணும் பெண்ணும் கூடாமலே பிள்ளை பிறக்கும் என்றார். 1940-களிலே இதைக் கேட்டவன் என்ன சொல்லியிருப்பான்? மாயாஜாலம் என்றிருப்பான்! 1978-இலே இங்கிலாந்திலே சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கம்பியில்லாக் கருவியோ, இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உட்கார்ந்திருக்கிறது. பின்னோக்கிக் கற்பனை செய்து, அன்று விமானம் இருந்தது, அன்று அறுவை மருத்துவம் இருந்தது என்று பெருமூச்சு விடுபவனுக்கும், முன்னோக்கிக் கற்பனை செய்து இது வரும் என்பவனுக்கும் உள்ள தொலைவு சிறிதா?

திரைக்கு வாருங்கள். 1950-இன் 'மந்திரி குமாரி'யிலே கலைஞர் காட்டிய நாடு எந்தப் படத்திலே இருக்கிறது? 1958-இன் 'நாடோடி மன்னன்' ஆண்ட இரத்தினபுரிக்கு எந்த இரயிலிலே போவது? இல்லாத நாடு, இல்லாத அரசன்! ஆனால் அந்த இராஜகுருவைக் கண்ட மக்கள், அவர் யார் என்று புரிந்துகொண்டார்களா இல்லையா?

நம் ஊர்ப்பக்கத்துத் தெருக்கூத்தையும் சொல்ல வேண்டும். துரோபதை அம்மன் திருவிழாவிலே இரவெல்லாம் பாரதக் கூத்து. விடியலிலே துரியோதனன் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடிப்பான், அரிதாரம் வழியும். இரவு அவனைத் திட்டிய கிழவியே காலையிலே அவனுக்கு வெற்றிலை கொடுப்பாள். வேடம் என்று அவளுக்குத் தெரியும். கூத்திலே கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான். மன்னனாயினும் சரி, முனிவராயினும் சரி, குறுக்கே புகுந்து கிண்டல் செய்யாமல் விடான். கதைக்கு உள்ளேயே நின்று கதையைக் கேள்வி கேட்பவன் அவன். அம்மனுக்கு அஞ்சி நெருப்பு மிதிப்பதை எதிர்ப்போம், தயங்காமல் எதிர்ப்போம். கட்டியங்காரனையுமா விரட்டுவது?

இவ்வளவும் சொன்னதால், காமிக்ஸ் எல்லாம் கற்கண்டு என்று நாம் சொல்வதாகக் கொள்ள வேண்டா. நஞ்சு உண்டு. எங்கே என்று காட்டுகிறோம்.

முகமூடி வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1936-இலே லீ பாக் என்ற அமெரிக்கர் படைத்தது. தமிழிலே மாயாவி என்றும் வேதாளம் என்றும் உலவியவன். காட்டிலே கபால நாற்காலியிலே ஒரு வெள்ளைக்காரன். சுற்றிலும் கறுப்புக் குள்ளர்கள் காவல் காக்கின்றனர்; காட்டு மக்களோ அவனைச் சாவே இல்லாதவன் என்று நம்புகின்றனர். உண்மை என்ன? அவனும் சாகிறவன்தான். தந்தை செத்தால் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான். இருபத்தொரு தலைமுறையாக இதே வேலை! வாசகனுக்கு இந்த இரகசியத்தைக் கதை தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஒரு கடவுள் எப்படி உற்பத்தி செய்யப்படுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது? ஆனால் அடுத்த வரியிலேயே, காட்டு மக்களை இப்படி ஏய்ப்பது அவர்கள் நன்மைக்கே என்றும் அது நம்பவைக்கிறது. பாமரனுக்கு உண்மை வேண்டா, பயம் போதும் என்கிற அதே பழைய பல்லவி! சனாதனம் பாடிய பாட்டு, நீல உடை போட்டுக்கொண்டு வந்தது.

இன்னொரு வேடிக்கை. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் 1964-இலே இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கி இவனை வெளியிட்டபோது, மூலத்திலே வீரனின் தந்தையைக் கொன்ற கொலைகாரனுக்கு 'ராமா' என்று பெயர். அச்சேறும்போது 'ராமாலு' ஆகிவிட்டது! கதையிலே கூட இராமன் கொலைகாரனாக இருக்கலாகாதாம். காட்டு மக்கள் மூடர்களாக வரையப்பட்டதற்கு எந்த மை அழிக்கப்பட்டது?

அடுத்து, 1967-இலே தொடங்கிய அமர் சித்திரக் கதை. தில்லித் தொலைக்காட்சியின் வினாவிடைப் போட்டியொன்றிலே, கிரேக்கக் கடவுளரை அறிந்திருந்த பிள்ளைகள் இராமனின் தாய் யாரென்று தெரியாமல் விழித்தனராம். அந்த வருத்தமே தொடக்கம் என்று அதன் ஆசிரியர் ஆனந்த் பை கூறினார். கிருஷ்ணனும் அனுமனும் வந்தனர். புத்தரும் அக்பரும் சிவாஜியும் வந்தனர். அதே தாள், அதே வண்ணம், அதே எழுத்து. எது வரலாறு, எது புராணம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மலையைக் குடையாகப் பிடித்ததும் நடந்தது, கலிங்கப் போரும் நடந்தது என்றுதானே கொள்ளும்! தேவர் எல்லாம் வெளுப்பு, அசுரர் எல்லாம் கறுப்பு, கோரைப்பல், பருத்த வயிறு. கண்ணாடியிலே தன் முகத்தைப் பார்க்கும் கறுத்த பிள்ளை, தான் எந்தக் கட்சி என்று நினைக்கும்? 1979-இலே அம்பேத்கரைப் பற்றியும் ஓர் இதழ் வெளியிட்டனர் என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் நூற்றுக்கணக்கான இதழ்கள் செய்த வேலையை ஓர் இதழ் கழுவிவிடுமா?

அம்புலிமாமாவை மட்டும் சற்று வேறாகப் பேச வேண்டும். 1947-இலே தோன்றிப் பல பத்தாண்டு தமிழ்ப் பிள்ளைகளை வளர்த்த இதழ், இன்று இல்லை. மன்னரும் மந்திரியும் அந்தணரும் வணிகரும் மலிந்த உலகம் அது. உழுபவன் அங்கே பெரும்பாலும் ஓரத்திலேதான் நிற்பான். இருந்தும், முருங்கை மரத்து வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். கதை சொல்லி முடித்ததும் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்று எச்சரிக்கும். பிணத்துக்குள் இருப்பது கூடக் காரணம் கேட்கிறது. நம் வீட்டுத் திண்ணைகளிலே கேட்பவர் எத்தனை பேர்? அந்த இதழை 1980 வரை நெடுங்காலம் நடத்திய கொடவடிகண்டி குடும்பராவ், தெலுங்கு நாட்டின் முற்போக்கு எழுத்தாளர், பகுத்தறிவாளர், புரட்சி எழுத்தாளர் சங்கமான விரசத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர் என்பதைத் தோழர்கள் அறிவார்களா? மாயக்கதை இதழின் ஆசிரியர் மாயத்தை நம்பாதவர்!

கொளுத்துவோர் வரலாற்றையும் ஒரு முறை புரட்டுங்கள். அமெரிக்காவிலே 1948-இல் பிங்காம்டன் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் காமிக்ஸ்களைக் குவித்துத் தீ மூட்டினர், பக்திமான்கள் பூரித்தனர். 1954-இலே வெர்த்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸுக்கு எதிராக நூல் எழுத, அதே ஆண்டு பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டனர். காமிக்ஸ் நெறிமுறை என்று அதற்குப் பெயர். அந்த விலங்கு எதைப் பிடித்தது தெரியுமா?

1953-இலே 'தீர்ப்பு நாள்' என்றொரு படக்கதை. இயந்திர மனிதர் வாழும் ஒரு கோளுக்குப் பூமியிலிருந்து ஆய்வாளன் ஒருவன் செல்கிறான். அங்கே ஆரஞ்சு நிற இயந்திரங்களும் நீல நிற இயந்திரங்களும். உள்ளே ஒரே கம்பி, ஒரே பற்சக்கரம்; மேல்தகடு மட்டும் வேறு. ஆயினும் நீலத்துக்கு வேறு குடியிருப்பு, வண்டியிலே பின் இருக்கை! "நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறான் ஆய்வாளன். விண்கலத்திலே தலைக்கவசத்தைக் கழற்றுகிறான், கறுப்பு முகம்! அவ்வளவுதான் கதை. ஊருக்கும் சேரிக்கும் இடையே நிற்கும் எவனுக்கும் இதை விளக்க உரையாசிரியர் வேண்டுமா? 1956-இலே இதை மறுபடி வெளியிட முனைந்தபோது, நெறிமுறை அதிகாரி அந்தக் கறுப்பு முகத்தை மாற்றச் சொன்னார். பதிப்பாளர் கெய்ன்ஸ் மறுத்தார். போராடி அப்படியே வெளியிட்டார். அதுவே அந்நிறுவனத்தின் இறுதிக் காமிக்ஸ் இதழாயிற்று. பேயை விரட்டக் கட்டிய வேலி, கறுப்பனைத்தான் முதலில் குத்திற்று.

மறு ஆண்டே, 1957-இலே, மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைச் சொல்லும் 16 பக்கப் படக்கதை, பத்துச் சென்ட் விலையிலே, தென்மாநிலக் கறுப்பு இளைஞர் கைகளுக்குச் சென்றது. இங்கே 2011-இலே அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 'பீமாயணம்' ஆக்கினர்; அதிலே பேசும் மீனும் உண்டு, விலங்கு வடிவ வண்டியும் உண்டு; சாதியோ சிறிதும் கற்பனை இல்லை. நாம் நாடகத்தைப் பிடித்தோம், திரையைப் பிடித்தோம், மேடையைப் பிடித்தோம். படக்கதையை மட்டும் "பிள்ளைகள் சமாசாரம்" என்று கோட்டை விட்டோம். கோட்டைக்குள் யார் புகுந்தார் என்பதைத் தொலைக்காட்சியிலே காலையும் மாலையும் பறக்கும் பொம்மைக் கடவுளர் காட்டுகின்றனர்.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை தீர்மானத்துக்கு நாம் ஒரு திருத்தம் கொண்டுவருகிறோம். எதையும் கொளுத்த வேண்டா. சென்ற மாதம் யாரோ நன்கொடையாகத் தந்து, மேசைமீது 'வரலாறு' என்ற துண்டுச்சீட்டோடு அடுக்கப்பட்டிருக்கும் அமர் சித்திரக் கதைகள் பதினொன்றையும் எடுத்து, அடித்தட்டிலே மாயாவிக்குப் பக்கத்திலே வைப்போம். புத்தரையும் அம்பேத்கரையும் மட்டும் தனியே எடுத்து மேல்தட்டுக்கு ஏற்றுவோம். அடித்தட்டின் விளிம்பிலே, பெரிய எழுத்திலே, 'கற்பனைக் கதைகள்' என்று ஒட்டுவோம். தோழரின் தங்கை ஒன்பதாம் வகுப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதித் தர அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். அட்டை வாங்கியாயிற்று, பசை மட்டும் தோழர் கொண்டு வர வேண்டும்.